கண் மூடாத ஜெபம்

இல்லப்பா, உன்கிட்ட மறைச்சு எனக்கென்ன ஆகப் போகுது? இங்கதான் இருக்கா உன் பொண்டாட்டி. வீட்ட விட்டு வந்ததுலேர்ந்து என்கூடத்தான் தங்கியிருக்கா. ஏன் அப்படி முழிக்கிறே? இல்லவே இல்லன்னு நான் சத்தியம் பண்ணுவேன், நீ கதவ எட்டி ஒதைச்சுக்கிட்டு உள்ள வரலாம்னு நினைச்சிருந்தியோ? கதவு தொறந்துதான் கெடக்கு, போய்ப் பாத்துட்டு வா. சின்ன வீடு. முன்னாடி இந்தக் கடை, நடுவுல படுக்கிற ரூம்பு, அதத் தாண்டினா அடுப்படி, பின்னாடி தண்ணித் தொட்டி. கட்டிலுக்கு அடியிலயும் குனிஞ்சு பாரு, நான் ஒண்ணும் தப்பா நினைக்க மாட்டேன்.

பாத்தாச்சா? கொடியில காயிற ஊதாக் கலர் சட்டையப் பாத்தியா? யாரோடதுன்னு உனக்கு நான் சொல்லணுமா. மருந்துக்கடைக்குப் போயிருக்கா, வந்துருவா. எதுக்கு மருந்தா? நல்லாக் கேட்ட போ. கைக்குத்தான்.

அட, வெளிய போய்த் தேடாதே. தெருமுனையில உன் தலையப் பாத்தான்னா அப்படியே திரும்பி நடந்துருவா. அப்புறம் எங்க போனான்னு எனக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது. பேசாம அந்த பெஞ்சில உக்காரு. வாசலுக்கு நேரா வேண்டாம். இந்தப் பக்கம் தள்ளி, துணி மூட்டைக்குப் பின்னாடி. ஆங், அங்கதான். வெளியேர்ந்து பாத்தா ஆள் இருக்கறதே தெரியாது. நான் தேச்சுக்கிட்டே பேசறேன், கோச்சுக்காதே. இதெல்லாம் ஓட்டல்ல பரிமாறுற பசங்களோட சட்டை. சாயந்தரத்துக்குள்ள குடுக்கணும், இல்லன்னா மேனேஜர் போன் பண்ணியே உயிர எடுத்துருவாரு.

பாப்பா எங்க? உங்கம்மாகிட்ட விட்டுட்டு வந்தியா? நல்லதாப் போச்சு. சின்னப் பிள்ளைய இதுக்கெல்லாம் இழுத்துக்கிட்டு அலையக் கூடாது. ஆமாமா, நீ சொல்றதும் சரிதான், பிள்ளைய விட்டுட்டு அவ எங்க போயிருவா. பிள்ள உன்கிட்ட இருக்கிற வரைக்கும் அவ சுத்திச் சுத்தி இங்கதான் வந்தாகணும். நல்லாத்தான் கணக்குப் போட்டு வச்சிருக்கே.

அது சரி, அவ இங்க இருக்கறது உனக்கு யார் சொன்னா? உங்கம்மாவா. அதானே பாத்தேன். அவங்க வாயில எது தங்கியிருக்கு சொல்லு. இல்லப்பா, கோவமெல்லாம் இல்ல. சிரிப்புத்தான் வருது.

நான் ஏன் அவளப் பிடிச்சுக் குடுக்கறேன்னு பாக்கறியா? உன் முழியிலயே தெரியுது. புருஷன் பொண்டாட்டிக்கு நடுவுல போய் நிக்கிறதுக்கு எனக்குத் தெம்பில்ல தம்பி, அவ்வளவுதான். ஒரு தடவ பட்டதே போதும். உனக்கு அரைகுறையாத்தான் தெரிஞ்சிருக்கும், நீ அப்ப வெளியூர்ல வேலை பாத்துக்கிட்டிருந்தே. உங்கம்மாவும் முழுசாச் சொல்லியிருக்க மாட்டாங்க. எல்லாத்தையும் சொல்ற மனுஷிக்கு இத மட்டும் சொல்ல வாய் வந்திருக்காது.

உங்கம்மா எனக்கு யாருன்னு உனக்குத் தெரியுமில்ல? சின்ன வயசுல நீ என்னை சித்தின்னுதானே கூப்பிடுவே. சும்மா மரியாதைக்குக் கூப்பிடல. எனக்குக் கூடப் பொறந்தவங்க யாரும் கெடையாது, அக்கான்னா அவங்க ஒருத்திதான். எங்க வீட்டுக்காரரு போனப்ப என் பொண்ணு பள்ளிக்கூடம் போய்க்கிட்டிருந்தா. அடுப்பு பத்தவைக்கக்கூட என்னால எழுந்திரிக்க முடியல. உங்கம்மாதான் தினம் வந்து பக்கத்துல உக்காந்து பாடுவாங்க. அந்தக் குரல் இருக்கே, அவங்க பாடினா அழுகை வரும், அழுது முடிச்சா பசி வரும், சாப்பிட்டாத் தூக்கம் வரும். அப்படித்தான் நான் மறுபடி மனுஷியானேன். அன்னிக்கு ஆண்டவர் எனக்கு ஆறுதல் குடுத்தாருன்னா அது உங்கம்மா தொண்டை வழியாத்தான் குடுத்தாரு. இத எங்க வேணா நின்னு சொல்லுவேன்.

இரு இரு, ஏன் எழுந்திரிக்கறே? அது எதிர்க்கடைக்கு வந்த பொம்பள. கடைக்காரன் மருந்து எடுத்துக் குடுக்க நேரமாகும், மெதுவாத்தான் வருவா. உக்காரு.

அப்புறம் வாராவாரம் எங்க பொம்பளைங்க ஜெபக் கூட்டம். ஒரு வாரம் ஒருத்தர் வீடு. பாயப் போட்டு வட்டமா முழங்கால் போட்டு, ஒவ்வொருத்தரும் அவங்கவங்க வீட்டு விண்ணப்பத்தச் சொல்லணும். ஒருத்திக்கு மகனுக்கு வேலை, ஒருத்திக்கு மூட்டுவலி. கேட்டு முடிச்சதும் யாராவது ஒருத்தர் எல்லாத்தையும் சேத்து ஆண்டவர்கிட்ட சொல்லணும். பெரும்பாலும் உங்கம்மாதான். அவங்க ஜெபம் பண்ணினா நேர்ல பாக்கற மாதிரியே இருக்கும். மூட்டுவலின்னு சும்மா சொல்லிட்டு விட மாட்டாங்க. மாடிப்படியில மூணாவது படிக்கே மூச்சு வாங்கி, கம்பியப் பிடிச்சுக்கிட்டு நிக்கிற எங்க சகோதரின்னு சொல்லுவாங்க. அந்த சகோதரி தேம்பித் தேம்பி அழுவா. எல்லாரும் கண்ண மூடியிருப்போம். ஜெபத்துக்கு நடுவுல குறுக்க யாரும் பேசக் கூடாது, அது எங்க பழக்கம். வீடு பத்தி எரிஞ்சாலும் ஆமென் சொன்னப்புறம்தான் தண்ணி ஊத்துவோம்.

என் பொண்ணுக்குச் சம்பந்தம் வந்ததும் அந்தக் கூட்டத்துலேர்ந்துதான். மாப்பிள்ளையோட அத்தைக்காரி எங்ககூடத்தான் முழங்கால் போடுவா. பையன் மோட்டார் கம்பெனியில சூப்பர்வைசர், குடி கெடையாது, ஞாயித்துக்கிழமை தவறாதுன்னா. குடி இல்லதான். நெதானமா இருக்கறப்பவே அடிப்பான். என் பொண்ணு முதல்ல என்கிட்டயே சொல்லல. ஒருநாள் துணி மூட்டையோட இங்க வந்தா, அந்த வெயில்ல முழுக்கை போட்டிருந்தா. கைய மடிச்சு விடு, புழுங்கலையான்னு கேட்டேன். வேண்டாம்மா பழகிருச்சுன்னா. எது பழகிருச்சுன்னு நானும் கேக்கல, அவளும் சொல்லல. தேக்கிறவளுக்கு சட்டைய விட்டா வேற என்ன தெரியும். கைய மடிக்காத சட்டை எனக்கு அன்னிக்கே புரிஞ்சுபோச்சு.

ஒருநாள் அவ கெளம்பிப் போய்ட்டா. என்கிட்ட மட்டும் எங்கன்னு சொன்னா. கூடப் படிச்சவ ஒருத்தி நர்சு, அவளோட விடுதியில. யார்கிட்டயும் சொல்லிராதம்மான்னா. நானும் சொல்லல. இங்க வந்து மாப்பிள்ளை குதிச்சான், நீ இப்ப உக்காந்திருக்கற அதே பெஞ்சில உக்காந்து அழுதான்கூட. எனக்குத் தெரியாதுன்னு சாதிச்சேன். ஆனா மனசுக்குள்ள அத வச்சிருக்கறது இருக்கே, அது லேசில்ல. சோறு எறங்காது. சாப்பிட்டாளா, ரூம்புக்குத் தாழ்ப்பா இருக்கா, அவன் மோப்பம் பிடிச்சுட்டானா, இதே நினைப்பு. ஒருநாள் உங்கம்மா என் கையப் பிடிச்சு, உள்ள ஏதோ வச்சு மறுகிக்கிட்டிருக்கே, என்கிட்ட எறக்கி வைடி, நான் ஆண்டவர்கிட்ட மட்டும்தான் சொல்லுவேன்னாங்க. எறக்கி வச்சேன். அன்னிக்கு ராத்திரி எவ்வளவோ நாளைக்கப்புறம் நல்லாத் தூங்கினேன்.

ஆண்டவர்கிட்ட மட்டும்தான் சொல்லுவேன்னாங்களே, அந்த வார்த்தைய அவங்க மீறல தம்பி. அதுதான் வேடிக்கை. ஆண்டவர்கிட்டதான் சொன்னாங்க.

அந்த வாரம் கூட்டத்துல மாப்பிள்ளையோட அத்தை எழுந்து, எங்க வீட்டுப் பொண்ணக் காணல, எல்லாரும் பாரமா ஜெபம் பண்ணுங்கன்னு மூக்கச் சிந்தினா. கூட்டமே உருகிருச்சு. உங்கம்மா ஆரம்பிச்சாங்க. முதல்ல நல்லாத்தான் போச்சு. போகப் போக அவங்களுக்கு ஒரு வேகம் வருமே, அது வந்துருச்சு. குரல் தழுதழுக்குது. ஆண்டவரே, மலையடிவாரத்து ஆஸ்பத்திரிக்குப் பின்னால, நர்சுப் பிள்ளைகள் தங்கும் விடுதியிலே, மாடி அறையிலே தனியே கிடந்து அழுகிற எங்கள் பிள்ளையைத் தேற்றுவீராகன்னு சொல்லிட்டாங்க.

எனக்கு உடம்பெல்லாம் வேத்துருச்சு. இருமினேன். நல்லா சத்தமாவே இருமினேன். அவங்க நான் அழறேன்னு நினைச்சுக்கிட்டு, தாயின் கண்ணீரைப் பாரும் ஆண்டவரேன்னு இன்னும் ரெண்டு வார்த்தை கூடச் சேத்தாங்க. அந்தப் பக்கத்துல மலைக்குக் கீழ இருக்கற ஆஸ்பத்திரி ஒண்ணே ஒண்ணுதான்னு பச்சப்பிள்ளைக்கும் தெரியும். நான் கண்ணத் தொறந்துட்டேன். வட்டத்துல எல்லாரும் கண்ண மூடித் தலைய குனிஞ்சிருக்காங்க. எனக்கு நேர் எதிர்ல அத்தைக்காரி மட்டும் கண்ணத் தொறந்து வச்சிருக்கா. என்னப் பாத்தா. நான் அவளப் பாத்தேன். ஜெபம் ஓடிக்கிட்டே இருக்கு, யாரும் எழுந்திரிக்கக் கூடாதே. முடிஞ்சதும் எல்லாரும் ஆமென்னாங்க. என் வாயும் ஆமென்னுச்சு. சொல்லிப் பழகின வாய், தானாச் சொல்லிருச்சு.

என்னப்பா, ஏன் தலைய குனிஞ்சுக்கிட்டே? உன்ன ஒண்ணும் சொல்லலையே. உங்கம்மா கதைதானே சொல்றேன்.

ஆமா, போன் பண்ணினேன். பண்ணாம இருப்பேனா? விடுதியில வேலைக்கு இருந்தவதான் எடுத்தா, பொண்ணு குளிச்சுக்கிட்டிருக்கா, அப்புறம் பண்ணுங்கன்னா. அப்புறம் பண்ணினப்ப அவன் அங்க போய் நின்னுட்டான். அடிக்கல. கால்ல விழுந்தானாம். திருந்திட்டேன்னு அழுதானாம். கூட அத்தையும் போயிருக்கா, பாஸ்டரும் போயிருக்காரு. பாஸ்டர் முன்னாடி ஒருத்தன் கால்ல விழுந்தா எந்தப் பொண்ணு மாட்டேன்னு சொல்ல முடியும்? கூட்டிக்கிட்டு வந்துட்டாங்க.

அந்த ஞாயித்துக்கிழமை சபையில சாட்சி சொல்லச் சொன்னாங்க. ரெண்டு பேரும் முன்னாடி போய் நின்னாங்க. பிரிஞ்ச குடும்பம் சேந்துச்சு, ஜெபம் ஜெயிச்சுச்சுன்னு அவன் மைக்கப் பிடிச்சுப் பேசறான், எல்லாரும் கை தட்டறாங்க. உங்கம்மா பாட்டு எடுத்தாங்க. என்ன மாதிரி ஒரு பாட்டு அன்னிக்கு! என் பொண்ணு அவன் பக்கத்துல நிக்கிறா, முழுக்கை, கழுத்து வரைக்கும் பட்டன். ஃபேன் ஓடியும் எல்லாரும் விசிறிக்கிட்டிருக்கற வெக்கையில முழுக்கை. நான் ஒருத்திதான் கை தட்டல. பக்கத்துல இருந்தவ என் தோளத் தட்டி, சந்தோஷத்துல வாயடைச்சுப் போச்சு பாவம்னா.

அப்புறம் நடந்தது உனக்குத் தெரியும். தெரியாதா? என் பொண்ணு மாடிப்படியில விழுந்துட்டான்னாங்க. மழை பெய்யவே இல்ல, படி வழுக்குச்சாம். போலீஸ்காரர் வந்து சபையில ரெண்டு பேர விசாரிச்சாரு. நல்ல பையன் சார், சமாதானமாத்தான் இருந்தாங்க, நாங்களே ஜெபம் பண்ணிச் சேத்து வச்சோம்னு சொன்னாங்க. உங்கம்மாவும் சொன்னாங்க. பொய்யில்ல, அவங்க அப்படித்தான் நம்பினாங்க. என்னை எவனும் கேக்கல. நானாப் போய்ச் சொன்னேன், எழுதிக்கிட்டு அனுப்பிட்டாங்க. அவன் இப்ப வேற ஊர்ல, வேற கல்யாணம் பண்ணி, வேற சபைக்குப் போறானாம். அங்கயும் சாட்சி சொல்றானோ என்னவோ.

அடக்கத்துக்கு எல்லாரும் வந்தாங்க. ஆண்டவருக்குச் சித்தம்னாங்க, உன் பொண்ணு நல்ல எடத்துல இருக்கான்னாங்க. உங்கம்மா என்னக் கட்டிப்பிடிக்க வந்தாங்க. தள்ளிவிட்டேன். அன்னிக்கோட சபைப் பக்கம் போறத நிறுத்திட்டேன். ஆண்டவர்கிட்ட எனக்குப் பேச்சே இல்ல. யார நம்பினேன்? அவரத்தான் நம்பினேன். அவர்கிட்ட சொன்னது எப்படி அவன் காதுக்குப் போச்சு? எனக்கு மனுஷங்க மேல வந்த கோவத்த விட அவர் மேலதான் கோவம். பொய் சொல்ல மாட்டேன், இதே மேசைக்கு முன்னாடி நின்னு அவர வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கேன். நீ தூங்கிட்டியா, உனக்குக் கண்ணில்லையான்னு. அக்கம்பக்கத்துல நான் எதோ பாட்டு முணுமுணுக்கறேன்னு நினைச்சிருப்பாங்க.

டீ வேணுமா? வேண்டாமா. சரி. இந்தா, மணியையே பாத்துக்கிட்டிருக்காதே. அவ என்கிட்ட தலைவலி மாத்திரையும் வாங்கிட்டு வரேன்னா, அதுக்குத் தெருக்கோடிக் கடைக்குப் போயிருப்பா. இங்க முக்குக் கடையில எனக்கு ஒத்துக்கிற மாத்திரை கெடையாது. வெளிய போனா நீதான் கோட்ட விடுவே.

எங்க விட்டேன்? ஆங், கோவம். சபையில அப்பமும் ரசமும் வைக்கிற ராப்போஜன மேசைக்கு விரிக்கிற வெள்ளத் துணி மாசாமாசம் எனக்குத்தான் தேக்க வரும். நான் போகாட்டியும் துணி மட்டும் வந்துக்கிட்டிருந்துச்சு. ஒருநாள் அத விரிச்சுத் தேச்சுக்கிட்டிருந்தவ, இஸ்திரிப் பெட்டிய அப்படியே நடுத் துணியில வச்சுட்டு கைய எடுத்துட்டேன். வேணும்னேதான். புகை வர்ற வரைக்கும் பாத்துக்கிட்டே நின்னேன். பெட்டிய எடுத்தப்ப காப்பிக் கலர்ல அதோட அச்சு அப்படியே பதிஞ்சிருந்துச்சு. அதப் பாத்ததும் கீழ உக்காந்துட்டேன். என் பொண்ணு செத்தன்னிக்கு வராத அழுகை அன்னிக்கு வந்துச்சு.

பிடிபடறதுக்கு முந்தி ராத்திரி அந்த மாதிரி மேசையில உக்காந்து சாப்பிட்ட ஆண்டவரு, அப்புறம் ஜெபம் பண்ணத் தோட்டத்துக்குப் போனாருல்ல? நீயும் ஞாயித்துக்கிழமைப் பள்ளியில படிச்சவன்தானே. கூட இருந்தவங்ககிட்ட பெருசா ஒண்ணும் கேக்கல, கொஞ்ச நேரம் என்கூட முழிச்சிருங்கடான்னுதான் கேட்டாரு. தூங்கிட்டாங்க. எழுப்பிவிட்டா மறுபடி தூங்கறாங்க. இத நான் சின்னதுலேர்ந்து கேட்டிருக்கேன். நாம தூங்கக் கூடாதுன்னு பாடம் சொல்லுவாங்க, நானும் தலையாட்டுவேன். அன்னிக்குத் தரையில உக்காந்திருக்கறப்பதான் அவருக்கு எப்படி இருந்திருக்கும்னு நினைச்சேன். நம்பின ஆளுங்க பக்கத்துலயே கெடக்காங்க, குறட்டை விடறாங்க. அவரு தனியா வேத்து விறுவிறுத்து நிக்கிறாரு. மொதல் தடவையா எனக்கு அவரு மேல பாவமா இருந்துச்சு தம்பி. நான் இவர்கிட்டயா சண்டை போட்டுக்கிட்டிருந்தேன், இவருக்கும் இதேதானே நடந்துச்சுன்னு தோணுச்சு. காரணம் ஒண்ணும் கெடைக்கல. என் பொண்ணு திரும்பி வரல. ஆனா அன்னிலேர்ந்து நான் தனியா இல்ல. இத உனக்கு வேற எப்படிச் சொல்றதுன்னு தெரியல. அவரு அந்த மூலையில நிக்கிறாரு, நான் இங்க நிக்கிறேன், ரெண்டு பேரும் முழிச்சிருக்கோம். அவ்வளவுதான் என் விசுவாசம்.

துணியா? அப்படியே மடிச்சு அனுப்பிட்டேன். ஒருத்தரும் ஒண்ணும் கேக்கல. அந்த எடத்துல பூச்சாடிய வச்சு மறைச்சுட்டாங்களாம். எங்க சபைக்கு மறைக்கறதுக்குச் சொல்லிக் குடுக்கணுமா என்ன.

இப்பவும் ஜெபம் பண்றேன். வாயத் தொறக்கறதில்ல. பேரும் சொல்றதில்ல, எடமும் சொல்றதில்ல. ஒரு சட்டைய எடுத்து விரிப்பேன், இன்னாருக்குன்னு மனசுல நினைச்சுக்குவேன், தேச்சு மடிச்சு வச்சுருவேன். உன் வீட்டுத் துணி வர்றப்ப உன் பொண்டாட்டிக்காகத் தேச்சிருக்கேன். அவளும் கொஞ்ச நாளா முழுக்கையாவே அனுப்பிக்கிட்டிருந்தா. உனக்காகவும் தேச்சிருக்கேன், நம்பு. உன் சட்டைக் கையில ஒரு தடவ ரத்தக் கறை இருந்துச்சு. அது உன் ரத்தமில்ல. அந்தச் சட்டைய மடிக்க எனக்கு ரொம்ப நேரமாச்சு.

யாருக்குப் போன் போடறே? அம்மாவுக்கா. போடு, போடு.

எடுக்கலையா. எடுக்க மாட்டாங்கப்பா.

உக்காரு. கைய எறக்கு, இந்தப் பெட்டி நல்லா சூடேறிக் கெடக்கு, தெரியாம பட்டுறப் போகுது. எதிர்ல சைக்கிள் கடையில ரெண்டு பேரு நீ வந்ததுலேர்ந்து ஒரு வேலையும் செய்யாம ஸ்பேனரக் கையில வச்சுக்கிட்டு இந்தப் பக்கமே பாத்துக்கிட்டிருக்காங்களே, கவனிச்சியா? அவங்க வெயில் காயல. நான் சொல்லித்தான் உக்காந்திருக்காங்க. சத்தம் போடாமக் கேட்டா உனக்கு நல்லது.

உன் பொண்டாட்டி இந்த வீட்ல ஒருநாள்கூடத் தங்கல. அந்த ஊதாச் சட்டைய உங்கம்மாதான் காலையில பையில வச்சுக் கொண்டுவந்து குடுத்தாங்க. நான் நனைச்சுக் கொடியில போட்டேன். மருந்துக்கடையும் கெடையாது, மாத்திரையும் கெடையாது. இத்தனையும் பொய்தான். ஆண்டவர்கிட்ட விடியறப்பவே சொல்லி வச்சுட்டேன், இன்னிக்கு நிறையப் பொய் சொல்லப் போறேன்னு.

உங்கம்மா அன்னிக்கு ஒருநாள் இந்த வாசல்ல வந்து நின்னாங்க. பாட்டும் இல்ல, ஜெபமும் இல்ல. என் மகன் அவள அடிக்கிறான்டி, பாப்பாவ முன்னாடி நிக்க வச்சு அடிக்கிறான்னாங்க. எனக்கு மொதல்ல என்ன தோணுச்சு தெரியுமா? நல்லா வேணும்னு தோணுச்சு. உனக்கும் இப்பத் தெரியட்டும்னு தோணுச்சு. உள்ள வாங்கன்னுகூடச் சொல்லல. ரொம்ப நேரம் அவங்க வாசல்லயே நின்னாங்க. அப்புறம், நான் வாயத் தொறந்தாத்தானே கெட்டுப்போகுது, இந்தத் தடவ எதச் சொல்லணும்னு நீயே சொல்லிக் குடுடின்னாங்க. அதுக்கப்புறம்தான் உள்ள கூப்பிட்டேன். மன்னிச்சுட்டியான்னு கேக்காதே. அவங்களும் கேக்கல, நானும் சொல்லல.

அவ இங்க இருக்கான்னு உன்கிட்ட உளறச் சொன்னது நான்தான். நீ பாப்பாவ விட்டு நகரவே மாட்டேங்கறே, பிள்ளைக்காகக் கோர்ட்டுல ஆர்டர் வாங்கியும் பிள்ளையக் கண்ணுல காட்ட மாட்டேங்கறேன்னு உன் பொண்டாட்டி அழுதாளாம். உன்னக் கொஞ்ச நேரம் ஒரு எடத்துல உக்கார வச்சாப் போதும்னாங்க. எனக்கு இருக்கறது ஒரு கதைதான். அதச் சொல்லி உக்கார வச்சேன். இந்நேரம் பாப்பா அவங்கம்மா மடியில வண்டியில போய்க்கிட்டிருப்பா. எங்கன்னு நான் கேட்டுக்கல. தெரிஞ்சா அப்புறம் அது என்னத் தூங்க விடாது, யார்கிட்டயாவது எறக்கி வைக்கச் சொல்லும்.

வீட்டுக்கு ஓடாதே. அங்க போய் யார அடிக்கப் போறே? உங்கம்மாவும் அவங்களோடதான் போய்ட்டாங்க. பெத்த மகன விட்டுட்டுப் போறீங்களே, மனசு கேக்குமான்னு நான்கூடக் கேட்டேன். சாவிய எடுத்து என் கையில வச்சாங்க. உங்க வீட்டுக் கதவு இழுத்துச் சாத்தினாலே பூட்டிக்குமாமே. அவன் சாவி எடுத்துட்டுப் போற பழக்கமில்ல, வந்து வெளிய நிப்பான், இத அவன்கிட்ட குடுத்துருன்னு மட்டும் சொன்னாங்க. இந்தா, பிடி.